புதுச் சவாரிக்காரர், பழகாத குதிரை: யாருக்காக இந்தப் போட்டி?

கிழக்குக் கடற்கரைச் சாலை எங்க திருவான்மியூரில்தான் தொடங்குகிறது. அதில் தெற்கே போகப் போக, குதிரைச் சவாரிப் பள்ளிகளின் பலகைகள் கண்ணில் படும். 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா நால்வரும் டிரசாஜ் குழுப் போட்டியில் தங்கம் வாங்கினார்கள். 1982 டெல்லிக்குப் பிறகு, 41 வருஷம் கழித்து, குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு வந்த தங்கம் அது. அதிலிருந்து என்னிடமே இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்: "பிள்ளை ஆறு மாசமா சவாரி கத்துக்கறான். ஆரம்பநிலை டிரசாஜ் போட்டியில விடலாமா?"

நான் சவாரி ஆசிரியன் இல்லை. பழைய குதிரைப்படை விஷயங்களைத் தேடிப் படிக்கிறவன், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கேள்விக்கு வரலாறு கொஞ்சம் தெளிவாகவே பதில் வைத்திருக்கிறது.

முதலில், டிரசாஜ் என்றால் என்ன? பந்தயம் மாதிரி வேகம் இல்லை, தடை தாண்டுவதும் இல்லை. 20க்கு 40 மீட்டர் மைதானம், ஓரங்களில் எழுத்துப் பலகைகள். இந்த எழுத்தில் நிற்க வேண்டும், அந்த எழுத்தில் வட்டம் போட வேண்டும் என்று வரிசை உண்டு. ஒவ்வொரு அசைவுக்கும் நடுவர் 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, பக்கத்திலேயே குறிப்பும் எழுதுவார். ஆரம்பநிலையில் வெறும் நடையும் ட்ராட்டும்தான் பிரதானம், அப்புறம் 20 மீட்டர் வட்டங்கள், ஒரு வணக்கம். வரிசை மறந்துபோகும் என்றால் வெளியிலிருந்து ஒருவர் உரக்கப் படித்துக் காட்டவும் பல இடங்களில் அனுமதி உண்டு.

(தமிழுக்கு இது ஒன்றும் அந்நியமில்லை. நிகண்டுகளில் குதிரைக்கு ஐங்கதி உண்டு, வட்டமாக ஓட்டுவதற்குச் 'சாரி' என்ற சொல் உண்டு, குதிரை பழக்கும் இடத்துக்குச் 'செண்டுவெளி' என்று பெயரே உண்டு. ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் குதிரை வாகனத்தில் வரும்போது தூக்குகிறவர்கள் முன்னும் பின்னுமாக ஓடுவதை இன்னும் 'வையாளி' என்றுதான் சொல்கிறோம். டிரசாஜுக்கு யாராவது தமிழ்ப்பெயர் தேடினால் என் ஓட்டு வையாளிக்கு.)

அமெரிக்காவில் அறிமுகநிலைத் தேர்வுத்தாளில் நோக்கம் என்று ஒரு வரி இருக்கிறது. சவாரி செய்பவரையோ குதிரையையோ, அல்லது இரண்டு பேரையுமேவோ, இந்த விளையாட்டுக்கு அறிமுகப்படுத்துவது என்பது அதன் சாரம். என் பிரச்சினை அந்த 'இரண்டு பேரையுமே'வில்தான். ஏன்னா, பழைய ஆட்கள் யாரும் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்ததே இல்லை.

கி.மு. நாலாம் நூற்றாண்டில் கிரேக்கப் படைத்தலைவர் செனோஃபன் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் இளங்குதிரையை நீயே பழக்காதே என்கிறார். மகனை ஒரு தொழிலுக்கு அனுப்பும்போது ஆசானிடம் ஒப்பந்தம் எழுதிக்கொள்வது போல, குதிரை பழக்குகிறவரிடம் எழுதிக்கொண்டு ஒப்படை என்பது அவர் யோசனை. வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரைப் பள்ளி 16ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. அங்கே புதிதாகச் சேரும் மாணவனை வருஷக்கணக்கில் பழகிய முதிய குதிரைமேல் ஏற்றுவார்கள். அங்கவடிகூடக் கிடையாது, நீளக் கயிற்றில் வட்டமடிக்க வைத்தே உட்காரச் சொல்லிக்கொடுப்பார்கள். குதிரைதான் வாத்தியார். இளங்குதிரை வந்தால் அது அனுபவஸ்தரின் கைக்குப் போகும்.

குதிரைப்படைகளிலும் இதே கதைதான். படைக்குப் புதிதாக வரும் பழகாத குதிரைக்கு 'ரிமவுன்ட்' என்று பெயர். அதைப் பழக்குவதற்கென்றே ரெஜிமென்ட்டில் 'ரஃப் ரைடர்' என்று தேர்ந்த ஆட்கள் இருப்பார்கள். புதிதாகச் சேர்ந்த சிப்பாய்க்குக் கிடைப்பதோ, கட்டளையை அவனுக்கு முன்னால் தானே கேட்டு நடக்கும் கிழட்டுக் குதிரை.

நம்ம பக்கத்து விஷயத்துக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியக் குதிரைப்படை ரெஜிமென்ட்டுகளில் பெரும்பாலானவை 'சில்லாதார்' முறையில் இயங்கின. குதிரைக்குச் சிப்பாயே பணம் போட வேண்டும். இதற்கு விலக்கு மூன்றே மூன்று, மூன்றுமே மெட்ராஸ் குதிரைப்படை வழி வந்தவை: 26, 27, 28ஆம் லைட் கேவல்ரி. இவற்றுக்கு அரசாங்கமே குதிரை கொடுத்தது. ஓசூர் பக்கம் மத்திகிரியில் இன்றைக்குக் கால்நடைப் பண்ணை இருக்கிறதே, அது 1824இல் கம்பெனி ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கிய இடம். ஆஸ்திரேலியாவிலிருந்து 'வேலர்' குதிரைகள் மெட்ராஸுக்குக் கப்பலில் வந்து இறங்கின காலமும் உண்டு. குதிரையும் அரசுடையது, பழக்குகிறவனும் அரசு ஆள், கற்றுக்கொள்கிறவனும் அரசு ஆள். யாரை எதன்மேல் ஏற்றுவது என்று முடிவுசெய்ய ஒரு நிறுவனம் இருந்தது.

டிரசாஜ் போட்டியும் அந்த உலகத்தில் பிறந்ததுதான். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் முதல்முறை நடந்தபோது, இன்று நாம் பார்க்கும் நளினமெல்லாம் குறைவு. சின்னச் சின்னத் தடைகளைத் தாண்ட வேண்டும், எதிரே உருண்டு வரும் பீப்பாய்க்குப் பயப்படாமல் போக வேண்டும். அதிகாரியின் குதிரை சொன்ன பேச்சைக் கேட்கிறதா என்ற சோதனை அது. அதிகாரிகளுக்கு மட்டும் என்பதிலும் கறாராக இருந்தார்கள். 1948இல் தங்கம் வென்ற ஸ்வீடன் குழுவில் கெனல் பெர்ஷோன் உண்மையில் சார்ஜென்ட், போட்டிக்காக மட்டும் பதவி உயர்த்தப்பட்டவர் என்று தெரிந்ததும் பதக்கத்தையே பிடுங்கிவிட்டார்கள். முரட்டுக் குதிரைகளைப் பழக்கிக்கொடுத்த வர்க்கத்துக்குப் போட்டியில் இடமில்லை! 1952இல்தான் கதவு திறந்தது. பெர்ஷோன் மறுபடி வந்து தங்கம் வாங்கினார்.

1930களின் கடைசியிலிருந்து இந்தியக் குதிரைப்படை டாங்கிக்கும் கவச வண்டிக்கும் மாறியது. குதிரை படையை விட்டு கிளப்புக்கும் பள்ளிக்கும் குடும்பங்களுக்கும் போனது. தேர்வு முறை, மதிப்பெண், வட்டம் எல்லாம் கூடவே வந்துவிட்டன. வராதது, பின்னால் இருந்த ஏற்பாடு, அதாவது கிழட்டுக் குதிரையும் ரஃப் ரைடரும். அதனால்தான் ஒரே தாளில் 'இரண்டு பேரையுமே' என்று எழுத முடிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சென்னையில் இது ஏட்டுப் பிரச்சினை இல்லை. நன்றாகப் பயின்ற டிரசாஜ் குதிரை இங்கே அபூர்வம், விலையும் எக்கச்சக்கம். சுலபமாகக் கிடைப்பது பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட். நல்ல ஜாதி, புத்திசாலி, நேசமானதும்கூட. ஆனால் அது படித்த பாடம் வேறு. ஜாக்கி கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தால் அதில் சாய்ந்துகொண்டு ஓடப் பழகியது. புதுச் சவாரிக்காரர் பயந்தால் என்ன செய்வார்? கடிவாளத்தை இழுப்பார். அவருக்கு அது பிரேக், குதிரைக்கு அது ஆக்ஸிலரேட்டர். 20 மீட்டர் வட்டத்தின் சுற்றளவு சுமார் 63 மீட்டர், ட்ராட்டில் இருபது விநாடிகூட ஆகாது. அதற்குள் ஒருவர் பயப்பட்டு, இன்னொருவர் குழம்பி, இரண்டு பேருக்கும் நாளைக்கும் அதே பயம் ஒட்டிக்கொள்கிறது. குதிரைக்கு 'கெட்ட குதிரை' என்று பேர் வந்துவிட்டால் அடுத்து அதை யார் வைத்துக்கொள்வார்கள் என்பதும் யோசிக்க வேண்டியது.

எனவே கேட்டவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளை புதுசு, குதிரை பழசு என்றால் தாராளமாக விடுங்கள். ஆரம்பநிலைப் போட்டி அதற்கு ரொம்பப் பொருத்தம், ரிப்பனை விட நடுவர் எழுதித்தரும் குறிப்புதான் லாபம். குதிரை புதுசு, ஏறுகிறவர் பத்து வருஷ ஆள் என்றாலும் சரி. கூட்டம், ஒலிபெருக்கி, வெள்ளை வேலி எல்லாம் பார்த்துப் பழகட்டும். இரண்டும் புதுசு என்றால் இந்த வருஷம் வேண்டாம். எங்க தெருவுக்குப் பக்கத்திலேயே கலாக்ஷேத்ரா இருக்கிறது, தட்டடவு கற்கும் பிள்ளைக்கு நட்டுவாங்கம் செய்ய இன்னொரு தட்டடவுப் பிள்ளையை யாரும் உட்கார வைப்பதில்லை.

பள்ளியில் பேசும்போது கட்டணம், கோப்பையெல்லாம் அப்புறம் விசாரிக்கலாம். எந்தக் குதிரை, அதற்கு என்ன வயசு, பந்தயத்தை விட்டு எத்தனை வருஷம் ஆச்சு, நடுவில் அதைப் பழக்கினது யார் என்று முதலில் கேளுங்கள்.