ஜெர்மனி: அடையாள அட்டையும் இணைப்பு மென்பொருளும்

ஜெர்மனி 2010 நவம்பர் 1ஆம் தேதி சில்லு பொருத்திய அடையாள அட்டையை அறிமுகப்படுத்தியது. அட்டையைப் படிக்கும் கருவியைக் கணினியுடன் பாதுகாப்பாக இணைக்க 'அவுஸ்வைஸ் ஆப்' என்ற மென்பொருளையும் அரசு அம்மாதமே வெளியிட்டது.

ஆனால் ஓரிரு நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. புதிய பதிப்பை வழங்கும் கணினியின் சான்றிதழைச் சோதித்த அம்மென்பொருள், அதிலுள்ள பெயர் அக்கணினியுடையதுதானா என்று பார்க்கத் தவறியிருந்தது. பழுது அட்டையில் அல்ல, இடையில் நின்ற மென்பொருளிலேயே இருந்தது.

2014இல் புதிய மென்பொருள் வந்தது. பின்னர் அதன் மூல நிரலும் பகிரங்கமாக்கப்பட்டது. இணையவழியே விவரம் கோரும் நிறுவனம் தனது அனுமதிச் சான்றிதழைக் காட்டி, அட்டைதாரர் ஆறு இலக்க இரகசிய எண்ணை இட்ட பிறகே விவரங்கள் செல்லும்.

2011 செப்டம்பர் முதல் வழங்கப்படும் மின்னணு வதிவிட அனுமதி அட்டையிலும் இவ்வசதி உண்டு. எனவே ஜெர்மன் குடியுரிமை பெறாத தமிழர்களுக்கும் இம்மென்பொருளின் நம்பகத்தன்மை முக்கியமானதாகிறது.