ராயக்கோட்டை மலையும் காகித நெகட்டிவும்

புதுக் கேமராவைக் கையில் வாங்கியதும் பழையதைத் தள்ளிவிடலாமா, கொஞ்ச காலம் இரண்டிலும் எடுத்துப் பார்க்கலாமா? ஓசூர், கிருஷ்ணகிரி ஸ்டூடியோக்காரர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறும்போது கேட்கும் இந்தக் கேள்விக்கு இதே வட்டாரத்தில் 1857-லேயே விடை கிடைத்திருக்கிறது. சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக 1856-இல் அமர்த்தப்பட்ட கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து தெற்கே கிளம்பினார். அந்தப் பயணத்தின் படத்தொகுப்புகளில் ஒன்று ராயக்கோட்டையின் பெயரையே தாங்கி 1858-இல் வெளிவந்தது. அப்போதைய புதுமை, 1851-இல் ஆர்ச்சர் அறிவித்த கொலோடியன் கண்ணாடித் தகடு. படம் ஊசிமுனைத் துல்லியமாக விழும், வெளிச்சம் காட்டும் நேரமும் குறைவு. ஆனால் வழக்கமான முறையில், பூச்சு காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். இருட்டுக் கூடாரம் கூடவே வர வேண்டும். நம் வெயிலில் பூச்சு சீக்கிரம் காயும், மாட்டுவண்டிக் குலுக்கலில் கண்ணாடி உடையும். மெழுகேற்றிய காகித நெகட்டிவையோ முன்கூட்டியே தயாரித்துக் கட்டி எடுத்துப் போகலாம்.

ட்ரைப் பெரிய காட்சிகளைக் காகிதத்திலேயே எடுத்தார். கண்ணாடியை இரட்டைப் பார்வைச் சிறு படங்களுக்கு வைத்துக்கொண்டார். பழக்கத்தை விட முடியாத பிடிவாதம் என்று இதைச் சொல்லலாம். 1855-இல் பர்மாவில் மழையோடும் நோயோடும் போராடி இருநூறுக்கு மேற்பட்ட காகித நெகட்டிவ்களை எடுத்தவர் அவர். ஆனால் 1858-இல் சென்னை அருங்காட்சியகத்தின் அமராவதிச் சிற்பங்களைப் படமெடுக்க அவரே கண்ணாடிக்குப் போனார். பயணம் இல்லை, அசையாத கல், நுணுக்கமான செதுக்கல்: அந்த வேலைக்குப் புதியதுதான் சரி. சில ஆண்டுகளில் காகிதம் வழக்கொழிந்தது என்பதும் உண்மையே. அதனால் மலையடிவாரத்தில் அவர் செய்த தேர்வு தவறாகிவிடாது. கடைசியில் எந்த முறை வெல்லும் என்பது அவர் கவலை அல்ல. அன்றைய வேலையை எது முடித்துத் தரும் என்பதுதான்.

அரசாங்கப் பணம் இருந்தது, இரண்டையும் வைத்துக்கொண்டார், சிறு ஸ்டூடியோவுக்கு அது கட்டுமா என்பது நியாயமான ஆட்சேபம். அந்தப் பணமும் நிலைக்கவில்லை: 1859-இல் ஆளுநராக வந்த ட்ரெவெல்யன் இந்தப் புகைப்படப் பணியை ஆடம்பரச் செலவென்று நிறுத்தினார். இன்று ஒருநாள் வாடகைக்கே புது பாடி கிடைக்கிறது. கேமரா ஆண்டுதோறும் மாறும். மாறாதது முகூர்த்த நேரம். ஆகவே ஒரு முழுக் கல்யாணத்தை, மண்டபத்தின் மங்கிய வெளிச்சம் முதல் ஆல்பம் அச்சு வரை, இரண்டிலும் எடுத்துப் பாருங்கள். அதுவரை பழையதை எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள்.