நரம்பறுந்த நெஞ்சும் துயரறியும்

பாண்டியன் நெடுஞ்செழியன் தன் தீர்ப்பு பிழைத்ததை உணர்ந்த அளவிலேயே வீழ்ந்து மாய்ந்தான். கோப்பெருந்தேவியும் உடன் மாய்ந்தாள். இதனைக் காப்பியப் புனைவென்று ஒதுக்குவோர் உளர். சிலப்பதிகாரத்திற்கு மருத்துவச் சான்று தேடுவது வீண் வேலைதான். எனினும், துயரம் இதயத்தை முடக்கவல்லது என்பது இன்று ஐயத்திற்கு இடமில்லாத செய்தி.

1990-இல் ஜப்பானிய மருத்துவர் ஹிக்காரு சாத்தோவும் அவர்தம் துணைவரும் இந்நோயை விளக்கினர். பேரதிர்ச்சியின்போது இதயத்தின் இடக் கீழறை நுனியில் உப்பிச் செயலிழக்கிறது. இரத்தக் குழாயிலோ அதற்கேற்ற அடைப்பில்லை. உப்பிய வடிவம் ஜப்பானிய மீனவர் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையை ஒத்திருந்தமையால், அப்பானையின் பெயரான 'தாக்கோத்சுபோ' என்பதே நோய்க்கும் பெயராயிற்று.

மாற்றிப் பொருத்திய இதயத்திற்கும் இந்நோய் வருமா? 1967 டிசம்பர் 3-ஆம் நாள் கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்டு முதன்முதலாக ஒரு மனிதரின் இதயத்தை மற்றொருவருக்குப் பொருத்தினார். பெற்றவர் 18 நாள் வாழ்ந்தார். 1994-இல் தில்லியில் வேணுகோபால் குழுவினர் இதில் வெற்றி கண்டனர்; 1997-இல் கோலாலம்பூரிலும் இது நிகழ்ந்தது. இவ்வறுவையில் குழாய்களைத் தைத்து இணைப்பர், நரம்புகளை இணைப்பதில்லை. கடிவாளமாக இருந்த நரம்பு அறுபடுவதால், ஓய்விலும் புதிய இதயம் விரைந்தே துடிக்கும். நோயுற்றாலும் பெரும்பாலும் வலி தெரியாது. மூளையின் ஓலை எட்டாத நெஞ்சுக்குத் துயரம் ஏது என்றே எவருக்கும் தோன்றும். ஆயினும் இத்தகையோர் சிலரிடமும் தாக்கோத்சுபோ கண்டதை மருத்துவ ஏடுகள் பதிந்துள்ளன.

கெமாஸ் நிலையத்தில் மேற்குக்கரை இருப்புப்பாதையும் தும்பாட் செல்லும் கிழக்குக்கரைப் பாதையும் கூடுகின்றன. ஒன்று தடைப்பட்டாலும் மற்றதில் வண்டி வரும். நெஞ்சுக்கும் அவ்வாறே இரு பாதைகள்: ஒன்று நரம்பு, மற்றது குருதி. 1921-இல் ஆட்டோ லோவி இதனையொட்டிய ஓர் உண்மையைத் தவளை இதயங்களில் காட்டினார். ஓர் இதயத்தின் நரம்பைத் தூண்டி, அதிலிருந்த நீரை மற்றோர் இதயத்திற்குச் செலுத்தியபோது, தூண்டப்படாத அவ்விதயமும் தளர்ந்து துடித்தது. செய்தியைச் சுமந்தது ஒரு வேதிப்பொருள்! அதற்கு முன்னரே, 1901-இல், தக்கமினே அட்ரினலினைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்திருந்தார். அதிர்ச்சியில் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி இதனைக் குருதியில் பெருக்குகிறது. நரம்பில்லாத இதயத்தையும் அது தாக்கவல்லது. ஆண்டுகள் செல்லச் செல்லச் சிலருக்கு நரம்பும் ஓரளவு மீண்டும் வளர்வதுண்டு.

மாற்று இதயம் திடீரெனத் தளர்ந்தால், உடல் அதனை ஏற்க மறுக்கிறதோ என்பதே மருத்துவரின் முதல் ஐயம். மறுப்பெனில் எதிர்ப்பாற்றலை அடக்கும் கடுமருந்தை மிகுதியாகக் கொடுக்கவேண்டும். ஆதலின் தசைத்துணுக்கை எடுத்துச் சோதித்து, குழாய்களையும் படம்பிடித்து, அவ்விரண்டும் குற்றமற்றவை எனத் தெளிந்த பின்னரே துயரத்தின்மேல் பழி சுமத்துவர். அவ்வாறு தளர்ந்த இதயம் பெரும்பாலும் சில வாரங்களில் தானே தேறிவிடுகிறது.