யூத மாணவர் சங்கங்களின் ஈகை

அமெரிக்கக் கலாசாலைகளிலே கிரேக்க எழுத்துக்களைப் பெயராகச் சூடிய சகோதர சங்கங்கள், ஒரே இல்லத்தில் வசித்து, ஒரே பந்தியில் உண்டு, ஆயுட்காலம் முழுவதும் நட்புப் பேணும் வாலிபர் கூட்டங்களாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தழைத்தபோது, அவற்றுள் மிகப் பல, எழுதிய விதியினாலோ எழுதாத வழக்கத்தினாலோ, யூத மாணவர்க்குக் கதவடைத்தன. அந்த நிராகரணத்தின் நிழலில் வளர்ந்தவையே யூத மாணவர் சங்கங்கள். 1898 டிசம்பரில், கொலம்பியா சர்வகலாசாலையின் பேராசிரியர் ரிச்சர்டு காட்ஹைலின் தூண்டுதலால், நியூயார்க்கின் பல கலாசாலைகளைச் சேர்ந்த யூத இளைஞர்கள் கூடி, சீயோன் இலட்சியத்தைப் போற்றும் ஒரு சங்கம் கண்டார்கள்; ஏசாயா தீர்க்கதரிசியின் வாக்கொன்றின் எபிரேய முதலெழுத்துக்களே அதன் பெயராயின. அதுவே சில ஆண்டுகளில் ஸீட்டா பீட்டா டௌ என்னும் சகோதர சங்கமாக உருமாறிற்று. 1909-ல் நியூயார்க் சிட்டி காலேஜில் எண்மர் சிக்மா ஆல்பா மூவையும், 1913-ல் நியூயார்க் சர்வகலாசாலையில் பதினொருவர் ஆல்பா எப்ஸிலான் பையையும் தோற்றுவித்தனர்.

இவ்வாலிபர்களில் பலர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வறியவராய் வந்து குடியேறியோரின் புதல்வர்கள். ஓய்வுநாள் விளக்கேற்றுமுன் அன்னை உண்டியலில் காசு இடுவதைக் கண்டு வளர்ந்தவர்கள். 1892 முதல் நியூயார்க்கில் வட்டியின்றிக் கடன் வழங்கிய எபிரேய சங்கத்தை அறிந்தவர்கள். தர்மத்துக்கு எட்டுப் படிகள் வகுத்த பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஞானி மைமோனிடீஸ், ஏழை பிறர் கையை எதிர்பாராமல் நிற்கும்படி அவனுக்குக் கடனோ, கூட்டுத் தொழிலோ, வேலையோ தருவதைத்தான் எல்லாவற்றிலும் சிரேஷ்டமான படியாக வைத்தார். அந்தப் படியில் ஏறுவதற்கான சந்தர்ப்பம், மிகக் கொடிய உருவத்தில், 1933-ல் வந்தது.

அவ்வாண்டு ஏப்ரலில் ஜெர்மனியில் ஹிட்லரின் அரசாங்கம், உயர்கல்வி நிலையங்களில் புதிதாகச் சேர்வோரில் யூதர் நூற்றுக்கு ஒன்றரைப் பேருக்கு மேல் இருக்கலாகாது என்று சட்டம் இயற்றிற்று. 1938 நவம்பரிலோ அந்தச் சிறு வாயிலையும் அடியோடு மூடிற்று. அமெரிக்காவின் 1924-ம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஐரோப்பாவின் ஒவ்வொரு தேசத்தாருக்கும் ஓர் எண்ணிக்கை வரம்பு விதித்திருந்தபோதிலும், அங்கீகாரம் பெற்ற கலாசாலையில் அனுமதி கிடைத்த மாணவன் அந்த வரம்புக்குப் புறம்பாக வர முடிந்தது. ஆனால் அவன் ஜீவனத்துக்கு வழி உண்டென்று காட்டியாக வேண்டியிருந்தது. கலாசாலை சம்பளத்தைத் தள்ளிக்கொடுத்தாலும், சோறும் படுக்கையும் கொடுப்பார் யார்? இவ்விடத்தில்தான் சகோதர சங்கங்களின் இல்லங்கள் உதவிக்கு வந்தன. 1923-ல் இல்லினாய் சர்வகலாசாலையில் தோன்றிய ஹில்லெல் என்னும் யூத மாணவர் ஸ்தாபனமும் இப்பணியில் கைகோத்தது. பொருளாதார மந்தத்தால் அடமானக் கடனைக் கட்டுவதற்கே பல இல்லங்கள் திணறிய காலம் அது. அப்படியிருந்தும், முன்பின் அறியாத அந்நிய வாலிபனுக்கு ஓர் அறையும் பந்தியில் ஓர் இடமும் இலவசமாக அளித்தார்கள். ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி வந்தவனுக்கு அதுவே உயிர்.

இச்சங்கங்களில் குறைகள் இல்லாமலில்லை. ஜெர்மானிய வம்சத்து யூதக் குடும்பங்கள் கிழக்கு ஐரோப்பியரைத் தாழ்வாக நோக்கிய மனப்பான்மை இவற்றுள்ளும் புகுந்தது. தாம் அனுபவித்த புறக்கணிப்பையே தம்மவர்க்கும் செய்தார்கள் என்பது வருந்தத்தக்கது. அந்த வேற்றுமையை மீறி அகதிகளை வரவேற்றதனால்தான் அவர்கள் செய்த உதவியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பின்னாளில் ஈகையின் உருவம் மாறிற்று. 1954-ல் ஸீட்டா பீட்டா டௌ அங்கத்தினர் சேர்க்கையில் மதபேதத்தை நீக்கிற்று. இக்காலத்தில் அச்சங்கத்தார் ஆளுயரப் பந்தொன்றைக் கலாசாலை வளாகத்தில் உருட்டிச் சென்று, அதில் பிறர் இடும் கையொப்பங்களுக்காக ஆதரவாளரிடம் பணம் பெற்றுக் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு வழங்குகிறார்கள். நல்ல காரியமே. ஆயினும் இச்சங்கங்களின் சரித்திரத்தை எழுத முற்படுவோர், நன்கொடைத் தொகைகளின் பட்டியலுக்கு முன்னால், 1930-களில் அந்த இல்லங்களில் தங்கிய அகதி மாணவர்கள் யார், பிற்காலத்தில் என்ன ஆனார்கள் என்பதைத் தேடித் தொகுத்தல் வேண்டும்.