இருதயத்துக்குச் செல்லும் வாயில்

இருதயத் தசைக்குக் குருதி வழங்கும் முடியுரு நாடிகளின் அடைப்பை, மார்பைப் பிளவாது நீக்கும் முறை இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் அருஞ்சாதனைகளுள் ஒன்றாகும். எனினும், இருதயத்திற் செய்யவேண்டிய பணி செவ்வனே முடிந்த பின்னரும், நுண்குழாய் உடலினுட் புகுந்த இடத்திற் குருதி கசிந்து நோயாளர் இடருற்றதுண்டு. ஆகவே இச்சிகிச்சையின் வரலாறு, ஒருவகையில், தக்க வாயிலைத் தேடிய வரலாறே எனலாம்.

1929ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வேர்ணர் போஸ்மன் என்னும் இளம் வைத்தியர் தம் கை நாளத்தினூடாகத் தமது இருதயம்வரை குழாயொன்றைச் செலுத்தி, அதனை எக்ஸ் கதிர்ப் படத்தாற் காட்டினார். 1956இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. ஆனால் முடியுரு நாடிகளை அடைவதற்கு நாளவழி உதவாது. நாடிவழியே செல்லல் வேண்டும். நாடியிற் குருதியின் அமுக்கம் மிகுதி; அதன் துளை எளிதில் மூடாது. இடரின் வேர் இதுவே.

1953இல் சுவீடன் நாட்டுச் செல்டிங்கர், ஊசியாற் குத்தி, அதனூடே மென்கம்பியைச் செலுத்தி, ஊசியை அகற்றி, கம்பியின்மேற் குழாயை நுழைக்கும் முறையை வெளியிட்டார். 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் முழங்கையருகே நாடியை வெட்டித் திறந்து முடியுரு நாடிகளைப் படம்பிடிக்கும் வழியைத் தொடக்கினார். 1967இல் ஜட்கின்ஸ் வளைத்தமைத்த குழாய்களால் தொடை நாடிவழியை எளிதாக்கினார். 1977 செப்டெம்பர் 16ஆம் நாள் சூரிச் நகரில் குறுன்சிக் முடியுரு நாடியின் ஒடுக்கத்தைச் சிறு பலூனால் விரித்ததும் அவ்வழியாகவே. அதன்பின் தொடையே பொதுவழியாயிற்று.

தொடை நாடி பெரிது; ஆயின் ஆழத்தில் உள்ளது. பின்னால் எலும்பு தாங்கும் இடத்திற் குத்தினால் அமுக்கிக் குருதியை நிறுத்தலாம். மேலே குத்தினால் வயிற்றறையின் பின்புறத்தே குருதி மறைவாகத் தேங்கும். கீழே குத்தினால் பொய்க் குருதிப்பையோ, நாடிக்கும் நாளத்துக்கும் இடையே தவறான தொடர்போ உண்டாகலாம். முதியோர், பெண்கள், மெலிந்தோர், சிறுநீரக நோயுற்றோர் ஆகியோர்க்கு இடர் கூடுதல். குழாயின் பருமையும் அவசர நிலையும் அதனை மிகுவிப்பன. குருதி உறைவதைத் தடுக்கும் மருந்துகளோ இருமுகம் உடையன: இருதயத்தைக் காக்கும் மருந்தே தொடையிற் குருதியைக் கசியவிடுகின்றது.

1989இல் மொன்றியல் நகரில் கம்போ மணிக்கட்டு நாடிவழியே படம்பிடித்ததை வெளியிட்டார். 1992இல் அம்ஸ்ரர்டாமில் கீமனெய் அவ்வழியாகச் சிகிச்சையும் செய்தார். அந்நாடி தோலுக்கண்மையில் எலும்பின்மேற் கிடப்பதால் அமுக்குதல் எளிது. அது அடைபடினும் கைக்குக் குருதி வழங்கப் பிறிதொரு நாடி உண்டு. 2011இல் வெளியான, 7,021 நோயாளரைக் கொண்ட ஆய்வில், பெரிய நாடியிடர்கள் தொடைவழியில் 3.7 வீதமாகவும் மணிக்கட்டுவழியில் 1.4 வீதமாகவும் இருந்தன. 2018இல் ஐரோப்பிய வழிகாட்டிகள் மணிக்கட்டையே முதன்மையாக விதந்துரைத்தன.

இங்கே புதியதொரு வினா எழுகின்றது. பருமனான கருவிகள் வேண்டப்படுமிடத்துத் தொடைவழி இன்றும் தேவையே. அவ்வழியைக் குறைவாகக் கையாளும் வைத்தியரின் கைத்திறன் தேய்ந்தால், வேறு வழியில்லாத நோயாளரே மிகுந்த இடருக்கு உள்ளாவர். ஆதலால் புதிய வாயிலைக் கற்பிப்போர் பழைய வாயிலையும் மாணவர்க்குப் பழக்குதல் கடனாகும்.