பெயரும் வினையும்: நாம் ஆங்கில இலக்கணம் கற்ற வரலாறு

எமது பாடசாலையில் ஆங்கில இலக்கணம் படித்த எவருக்கும் அந்தப் பயிற்சி மறந்திராது. ஒரு வசனத்தைக் கொப்பியில் எழுதி, ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடிட்டு, இது நவுன், இது வேர்ப், இது அட்ஜெக்டிவ் என்று குறிக்க வேண்டும். ஆள், இடம், பொருள் ஆகியவற்றின் பெயர் நவுன். செயலைக் குறிப்பது வேர்ப். இரண்டு விதிகளும் மனப்பாடம். முன்னேஸ்வரம், கோயில், தேர் என்று போகும் வரையில் சிக்கல் இல்லை. 'அரைவல்' என்ற சொல் வந்தபோது, வருவது செயல்தானே என்று நான் வேர்ப் எனக் குறித்தேன். புள்ளி போயிற்று. ஏன் பிழை என்பது பல வருடங்களின் பின்னரே விளங்கியது.

அந்த எட்டு வகைப் பாகுபாடு ஆங்கிலத்திலே பிறந்ததன்று. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டியோனீசியஸ் திராக்ஸ் என்பவரின் பெயரால் வழங்கும் கிரேக்க இலக்கணத்திலே சொற்கள் எட்டாக வகுக்கப்பட்டன. இலத்தீன் இலக்கணகாரர் அதனை எடுத்துக்கொண்டனர். தம் மொழியில் ஆர்ட்டிக்கிள் இல்லாமையால் அதனை நீக்கி, வியப்பு முதலியவற்றைக் காட்டும் சொற்களைச் சேர்த்து எண்ணிக்கையைச் சரிசெய்தனர். ஆங்கிலத்துக்கு இலக்கணம் எழுதியோர் இலத்தீன் அச்சிலேயே அதனை வார்த்தனர். அட்ஜெக்டிவைக்கூட நெடுங்காலம் நவுனின் ஒரு பிரிவாகவே வைத்திருந்து, 18ஆம் நூற்றாண்டிலேதான் பொதுவாகத் தனியாக்கினர்.

இந்த வரலாற்றில் நமக்குரிய ஒரு செய்தியும் உண்டு. ஆங்கில உலகெங்கும் மிகப் பரவிய பாடநூல்களுள் ஒன்றான லின்ட்லி மரேயின் 'இங்கிலீஷ் கிரமர்' 1795இல் வெளிவந்தது. அமெரிக்காவிலிருந்து வந்து இங்கிலாந்தின் யோர்க் நகரருகே குடியேறியவர் மரே. அங்கிருந்த ஒரு பெண்கள் பாடசாலையின் ஆசிரியைகள் கேட்டுக்கொண்டதன் பேரிலேயே அவர் அந்நூலை எழுதினார்.

எமது புத்தளக் கரையோரத்திலும் ஆங்கிலமும் தமிழும் சந்தித்தது பழைய கதை. 1807இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் விளக்கும் 'சிலோன் கசற்றியர்' என்ற ஆங்கில நூலை 1834இல் வெளியிட்டார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றையும் ஆங்கிலத்திலே எழுதி, 'தமிழ் புளூட்டார்க்' என 1859இல் வெளியிட்டார். ஆயினும் அத்தகைய ஆங்கிலம் நெடுங்காலம் சிலருக்கே கிட்டியது. ஆங்கிலப் பாடசாலைகள் கட்டணம் அறவிட்டன. 1945இல் இலவசக் கல்வி வந்தது. தொடர்ந்து படிப்படியாகத் தாய்மொழியே போதனாமொழியாயிற்று. கல்வி நம் வீட்டு வாசலுக்கு வந்தது. ஆங்கிலமோ வாரத்தில் சில பாடவேளைகளுக்குரிய பாடமாகச் சுருங்கியது. பேச வாய்ப்பில்லாத மொழியில் பெயர் குறித்தலே பெரும் பயிற்சியாக எஞ்சியது.

இத்தனைக்கும், அதே நாளில் அடுத்த பாடவேளையிலே தமிழ் ரீச்சர் இதைவிடத் தெளிவான வழியைச் சொல்லித் தந்திருந்தார். தொல்காப்பியம் பெயரையும் வினையையும் அடிப்படையாக வைத்து, இடைச்சொல்லையும் உரிச்சொல்லையும் அவற்றைச் சார்ந்தனவாகக் கொள்கிறது. வேற்றுமை ஏற்பது பெயர்; வேற்றுமை ஏற்காது காலம் காட்டுவது வினை. 'வருகை' செயலைச் சொன்னாலும் 'வருகையை', 'வருகைக்கு' என உருபேற்கும்; ஆகவே பெயர். 'வந்தாள்' அப்படி ஏற்காது; காலம் காட்டும்; ஆகவே வினை. சொல் எதைக் குறிக்கிறது என்று கேட்டு நான் தவறினேன். வசனத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

ஆங்கிலத்துக்கும் இக்கேள்வியே பொருந்தும். விடை கிடைக்கும் இடந்தான் வேறு. தமிழிலே பெரும்பாலும் சொல்லின் ஈறு காட்டிக்கொடுக்கும். ஆங்கிலத்திலோ சொல் நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். 'கிவ் மீ வோட்டர்' என்பதில் வோட்டர் நவுன். 'வோட்டர் த பிளான்ட்ஸ்' என்பதில் அதே வோட்டர் வேர்ப். 1952இல் அமெரிக்க மொழியியலாளர் சாள்ஸ் ஃபிரீஸ் பழைய பெயர்களையே ஒதுக்கி, வசனத்தில் சொல் நிற்கும் இடத்தை வைத்து ஆங்கிலச் சொற்களை வகுத்துக் காட்டினார்.

மருத்துவபீடத்தில் முதல் வருடம். எட்டு வகைகளையும் தூக்கத்திலும் சொல்லக்கூடிய எனக்கு, விரிவுரையாளரிடம் ஒரு சந்தேகத்தை ஆங்கிலத்தில் கேட்க வாய் வரவில்லை. கேள்வியை மனதில் கட்டி முடிப்பதற்குள் விரிவுரை முடிந்துவிடும். கேளாமல் விட்ட கேள்விகள் அநேகம். நம் பாடசாலைகளிலிருந்து பல்கலைக்கழகம் சென்ற எத்தனையோ பேருக்கு இதே அனுபவம் உண்டு.

இன்று என் மேசைக்கு எதிரே அமரும் அம்மா, "தலை சுத்துது, மூச்சு வாங்குது, நெஞ்சை அடைக்குது" என்கிறார். எல்லாம் வினை. நான் ஆங்கிலத்தில் எழுதுவது 'வேர்ட்டிகோ', 'டிஸ்ப்னியா'. எல்லாம் பெயர். எப்போது தொடங்கியது, நடக்கும்போதா, படுக்கும்போதா என்பதெல்லாம் அவருடைய வினையிலே இருக்கிறது. என் பெயர்ச்சொல்லில் அது உதிர்ந்துவிடுகிறது. ஆகையால் அவருடைய வசனத்தையும் பக்கத்தில் எழுதி வைப்பது என் வழக்கமாகிவிட்டது.

பழைய மாணவியராகிய நாம் இன்று பல நாடுகளில் இருக்கிறோம். ஆங்கிலத்திலேயே நாளைக் கழிப்பவர்கள் பலர். விடுமுறையில் ஊருக்கு வரும்போது ஒரு பாடவேளையைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குவோம். சொற்களின் கீழே கோடிடுவது நடக்கட்டும். அதனோடு, அவர்களைக் கேள்வி கேட்க வைப்போம். பிழையாகக் கேட்டாலும் இருந்து கேட்போம்.