கல்வட்டத்துள் நுழையும் உரிமை

இங்கிலாந்தின் சோல்ஸ்பரிச் சமவெளியில் நிற்கும் ஸ்ரோன்ஹெஞ்ச் என்னும் கல்வட்டத்தின் பெருங்கற்கள் நாட்டப்பெற்று ஏறத்தாழ 4,500 ஆண்டுகளாகின்றன. அதன் நீலக்கற்களோ வேல்ஸ் நாட்டுக் குன்றுகளிலிருந்து கொணரப்பட்டவை. இத்துணைப் பழைமை வாய்ந்த சின்னத்தினுள் நுழையும் உரிமை யாருக்குரியது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

1900ஆம் ஆண்டின் இறுதி நாளன்று ஆங்கு ஒரு கல் சாய்ந்தது. மறு ஆண்டே நிலவுடைமையாளராகிய சேர் எட்மண்ட் அன்றோபஸ் வேலியடைத்து ஒரு சிலிங் கட்டணம் விதித்தார். பொதுமக்களுக்கு வழியுரிமை உண்டெனத் தொடுக்கப்பட்ட வழக்கு 1905இல் தோல்வியுற்றது. பின்னர், 1915இல் 6,600 பவுணுக்கு அதனை ஏலத்தில் வாங்கிய செசில் சப் என்பார், 1918இல் நாட்டுக்கே அளித்தார். கட்டணம் ஒரு சிலிங்கை விஞ்சலாகாது என்பது அவர் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று.

உடைமை பொதுவாயிற்று, வாயிலோ பின்னர் ஒடுங்கிற்று. பல்லாயிரவர் கால்பட்டு நிலம் தேய்ந்தமையால், 1970களின் பிற்பகுதியில் உள்வட்டம் கயிறு கட்டித் தடுக்கப்பட்டது. இன்று பொதுநேரத்துக்கு முன்னும் பின்னும், தனிக்கட்டணம் செலுத்தி முன்பதிவு செய்த சிறு குழுவினர் உள்ளே செல்கின்றனர். கற்களைத் தொடுதல் மட்டும் ஆகாது.

காவலின் பொருட்டு எண்ணிக்கையை வரையறுத்தல் நேரிதே. ஆயின், அவ்வரையறை பணத்தால் அமையுமிடத்து, சப் நாட்டுக்கு அளித்த கொடையின் கருத்துக் குன்றுகின்றது. ஆண்டின் மிக நீண்ட பகல்நாளின் விடியலைக் காண 2000ஆம் ஆண்டு தொடக்கம் கட்டணமின்றி அளிக்கப்படும் அனுமதியே அக்கருத்தை ஓரளவு நிறைவேற்றுகின்றது எனலாம்.